போர்க்காலக் காவல் நிலையப் பதிவேடுகளைப் பாதுகாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: 1939 முதல் 1945 வரையிலான காவல் நிலையப் பதிவேடுகளை அழிக்காமல் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மாவட்டத்தின் பழைய காவல் நிலையம் ஒன்றின் பின்னறையில், இரண்டாம் உலகப் போர்க்காலப் பதிவேடுகள் ஒழுகும் கூரையின் கீழ்க் கட்டுக்கட்டாகக் கிடப்பதை நேரில் கண்டதால் இம்மனுவைத் தங்கள் முன் வைக்கிறேன். நிலையத்தாரின் அனுமதியுடன் நான் புரட்டிப் பார்த்த ஒரு பதிவேட்டில், காலி உருளைக்கிழங்குச் சாக்குகளுக்கு அடியில் அரிசியை மறைத்து மலைக்கு ஏற்றி வந்த லாரி பிடிபட்ட வழக்கு எழுதப்பட்டிருந்தது. பக்கத்தின் கீழ்ப்பாதியில் மை கரைந்து நீலக் கறையாகிவிட்டதால், பிடிபட்டவருக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதைப் படிக்க இயலவில்லை.

தேயிலையும் உருளைக்கிழங்கும் விளையும் இம்மலைக்கு அரிசி என்றும் கீழிருந்துதான் வந்தாக வேண்டும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாகி பர்மா அரிசி நின்றுபோனபின், பதுக்கலும் கள்ளச்சந்தையும் இங்கே எப்படி நடந்தன, காவலர் அவற்றை எப்படித் தடுத்தனர் அல்லது தடுக்கத் தவறினர் என்பதற்கு அந்நிலையங்களின் நாட்குறிப்புகளைவிட நெருக்கமான சாட்சி வேறில்லை. அதே மாதத்தில் ஜாவாவும் வீழ்ந்து, உலகின் பெரும்பகுதிக் கொயினா மருந்து கிடைக்காமற்போனதால், அம்மருந்துக்கான பட்டையைத் தரும் சிங்கோனா மரங்கள் நிறைந்த நடுவட்டம், தொட்டபெட்டா பகுதித் தோட்டங்கள் போருக்கு இன்றியமையாதவை ஆயின; மலேரியாவுக்கு அம்மருந்து உயிர் காப்பதாக இருந்த நாளில், அந்தப் பட்டையைக் காப்பதும் காவலர் கவலையாகவே இருந்திருக்கும். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையைச் சுற்றிய பாதுகாப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றினும் முக்கியமாக நான் கருதுவது ஒன்றுண்டு. 1939-ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், மண்ணெண்ணெய் பதுக்கிய வியாபாரியையும், போருக்கு எதிராகப் பேசிய விடுதலைப் போராட்டத் தொண்டரையும் ஒரே சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்தன. தலைவர்களின் கைது செய்தித்தாளில் வந்தது. ஆனால் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் தொடங்கிய 1942 ஆகஸ்டுக்குப் பிறகு பிடிபட்ட தோட்டத் தொழிலாளியின் பெயர் நிலையப் பதிவேட்டில் மட்டுமே இருக்கக்கூடும். அந்தத் தாள் மட்கினால், அவர் செய்த தியாகத்துக்குச் சான்றே இல்லாமற்போகும்.

ஆகவே, மாவட்டத்தின் எல்லா நிலையங்களிலும் மேற்கண்ட ஆண்டுகளுக்குரிய குற்றப் பதிவேடுகள், நாட்குறிப்புகள், முதல் தகவல் அறிக்கைகள் ஆகியவற்றைக் கணக்கெடுக்கவும், அப்பணி முடியும் வரை எதையும் அழிக்கவோ பழைய தாளாக ஏலம் விடவோ கூடாதென்று சுற்றறிக்கை அனுப்பவும், பின்னர் அவற்றைச் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்து மின்படிகளை மாவட்ட மைய நூலகத்தில் வைக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சிறு திருட்டு வழக்குகளில் சிக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இம்மலையில் வாழ்வதால், பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் படிகளில் அத்தகையோர் பெயர்களை மறைத்துவிடுவதே நியாயம்.

பட்டியலிடும் பணியில் ஊதியமின்றி உதவ நானும் என் பழைய மாணவர்கள் சிலரும் ஆயத்தமாக உள்ளோம். தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், குறைந்தது அந்தப் பின்னறைக் கட்டுகளையாவது ஈரமில்லாத இடத்துக்கு மாற்ற ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
இடம்: குன்னூர்