ஆபி லிங்கன் திரும்பப் பாடிய பாட்டுகள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீங்கள் எழுதிய முதல் கடிதம் கிடைத்தது. எழுத்தில் பழைய தெளிவு திரும்பியிருப்பதைக் கண்டு மிகவும் மகிழ்ந்தேன். மூத்த ஜாஸ் பாடகர்களின் வாழ்நாள் தொகுப்பு என்று வருபவையெல்லாம் பழைய பதிவுகளைப் புது உறையில் இட்டு விற்பவைதானே என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அமெரிக்க ஜாஸ் பாடகி ஆபி லிங்கன் பாடி, 2007இல் வெர்வ் இசை நிறுவனம் வெளியிட்ட ‘ஆபி சிங்ஸ் ஆபி’ இசைத்தட்டை அந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எழுபது வயதைக் கடந்த பிறகு அவர் ஸ்டுடியோவுக்குச் சென்று, பல ஆண்டுகளாகத் தாம் எழுதிச் சேர்த்த பாட்டுகளை அன்றைக்கு இருந்த குரலிலேயே புதிதாகப் பாடியிருக்கிறார்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். 1930இல் சிகாகோவில் பிறந்து, மிச்சிகன் மாநிலத்து நாட்டுப்புறத்தில் வளர்ந்த அவர், பன்னிரண்டு பிள்ளைகளில் பத்தாமவர். 1956இல் வந்த முதல் இசைத்தட்டும், மர்லின் மன்றோ உடுத்திய கவுனை அணிந்து அவர் தோன்றிய ஹாலிவுட் படமும் அவரை வெறும் அழகியாகவே காட்டின. நான்கே ஆண்டுகளில் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சின் ‘ஃப்ரீடம் நவ் சூட்’ இசைத்தட்டில், சொற்களே இல்லாமல், ரோச்சின் டிரம்ஸ் மட்டுமே துணையாக அவர் எழுப்பிய அலறலை இன்றும் என்னால் உட்கார்ந்தபடி கேட்க முடிவதில்லை. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடியதற்கு அவர் விலை கொடுத்தார். 1961இல் வந்த ‘ஸ்ட்ரெய்ட் அஹெட்’டுக்குப் பிறகு அவர் பெயரில் அடுத்த இசைத்தட்டு 1973இல் ஜப்பானில்தான் பதிவானது.

ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் ‘ப்ளூ மங்க்’ மெட்டுக்கு ஆபி எழுதிய வரிகளை ‘ஸ்ட்ரெய்ட் அஹெட்’, ‘ஆபி சிங்ஸ் ஆபி’ இரண்டிலும் கேட்கலாம். 1961இல் கோல்மன் ஹாக்கின்ஸ், எரிக் டால்ஃபி போன்ற பெரும் ஊதுகருவிக் கலைஞர்களுக்கு நடுவே நிமிர்ந்து நின்று பாடுகிறார். 2007 இசைத்தட்டு அதே பாட்டில்தான் தொடங்குகிறது. அங்கே அந்த ஊதுகருவிகள் இல்லை, பியானோவும் இல்லை. லேரி கேம்ப்பெல்லின் கிட்டார்கள், செல்லோ, அக்கார்டியன், பாஸ், டிரம்ஸ் ஆகியவையே துணை. ஜாஸுக்குப் பழகிய காதுக்கு ஸ்டீல் கிட்டார் முதலில் அந்நியமாகத்தான் படும். ஆனால் தாழ்ந்து, ஓரங்களில் கரகரத்து, சுருதியின் விளிம்பில் நின்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திச் சொல்லும் அந்த முதிய குரலுக்கு வேண்டிய இடத்தை இந்த வாத்தியங்கள் விட்டுக்கொடுக்கின்றன. ‘த்ரோ இட் அவே’ பாட்டை 1995இல் வெளிவந்த பதிவிலும் அவர் அருமையாகப் பாடியிருந்தார். இருந்தும், கையில் உள்ளதைப் பற்றிக்கொள்ளாதே என்ற அதன் கருத்தை 2007 பதிவில் கேட்கும்போதுதான் நான் முழுமையாக நம்பினேன். பழைய பதிவுகளைத் திரட்டியிருந்தால் இந்த நம்பிக்கை எனக்குக் கிடைத்திருக்காது.

அதுவே அவருடைய கடைசி இசைத்தட்டாக அமைந்தது. 2010 ஆகஸ்டில் நியூயார்க்கில் காலமானார். உங்கள் ஓய்வு நாட்களில் ‘ப்ளூ மங்க்’கின் இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதிய குரலைப் பற்றி நீங்கள் என்னோடு உடன்படுகிறீர்களா என்பதை அடுத்த கடிதத்தில் தயங்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்