கார்ன்வால் சுரங்கப் படங்களைக் காப்பாற்ற நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஆகஸ்ட் 31-ஆம் தேதிக்குள் இன்னும் 7,250 பவுண்டு சேர வேண்டும். சேராவிட்டால், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் ரெட்ரூத் ஊரின் ஒரு வீட்டு மாடியறையில் இருக்கும் 1,400 கண்ணாடித் தட்டு நெகட்டிவ்களும் ஏலத்துக்குப் போய்விடும். ஏலத்தில் ஒருவர் பத்து, இன்னொருவர் இருபது என்று பொறுக்கிக்கொண்டு போய்விட்டால், அப்புறம் அவற்றை ஒன்றுசேர்க்க யாராலும் முடியாது. அதனால்தான் தொகையை முதலிலேயே சொல்லிவிட்டோம்.

படங்களை எடுத்தவர் அந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர். 1890-களிலிருந்து முதல் உலகப் போர் வரை ஊரும் உழைப்பும் எப்படி இருந்தன என்பது இந்தத் தட்டுகளில் இருக்கிறது. வெள்ளீயத் தாதுக் கல்லைச் சுத்தியால் உடைக்கும் பெண்கள், கல்தூள் படாமல் வெள்ளைத் துணியைத் தலையிலிருந்து தோள்வரை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நியூலின் துறையில் மத்தி மீனை உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்குகிறார்கள். அந்தப் பீப்பாய்கள் கப்பலேறி இத்தாலிக்குப் போனவை. செயின்ட் ஆஸ்டல் பக்கம் சீனக் களிமண் தோண்டிக் கொட்டிய வெள்ளை மேடுகள். சேப்பல் (சிறு தேவாலயம்) விழாவில் பேண்டு வாத்தியத்தோடு ஊர்வலம் போய், குங்குமப்பூ பன்னைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள். முதலாளிகளின் படங்கள் பெரிய வீட்டுச் சுவர்களில் பத்திரமாக இருக்கின்றன. உழைத்தவர்களின் முகங்கள் இந்த மாதிரித் தட்டுகளில்தான் மிஞ்சியிருக்கின்றன.

தமிழர்கள் இதில் ஏன் தலையிட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். எங்கள் பெரியவர்கள் இதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். 1866-இல் செம்பு விலை சரிந்தபோது கார்ன்வாலில் சுரங்கம் சுரங்கமாக மூடினார்கள். வேலை போனவர்கள் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று கப்பலேறினார்கள். 1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி கோலாரில் தங்கம் எடுக்க இறங்கியபோது அவர்களில் பலர் அங்கும் வந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம் ஆட்கள் போனார்கள். கார்னிஷ்காரர், அதாவது கார்ன்வால்காரர், தொழில் தெரிந்தவராக மேற்பார்வை பார்த்தார், நம் தாத்தாக்கள் பாறையை உடைத்தார்கள். கூலியிலும் குடியிருப்பிலும் இருந்த வித்தியாசத்தை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் கோலாரின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய் வேலை செய்தவர்கள் நம் ஆட்கள். ஆசியாவிலேயே முன்னோடியாக, 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்து சேர்ந்தது நம் கோலார் தங்கவயலுக்குத்தான். 2001 பிப்ரவரி 28-இல் அது மூடப்பட்டது. கார்ன்வாலின் கடைசி வெள்ளீயச் சுரங்கமான சவுத் கிராஃப்டி அதற்கு மூன்று வருடம் முன்பே, 1998-இல் மூடியிருந்தது. எங்கள் குழுவில் பாதிப் பேர் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்பு லைன்களில் பிறந்தவர்கள், மீதிப் பேர் ரெட்ரூத், கேம்போர்ன் ஊர்க்காரர்கள். சுரங்கம் மூடிய ஊரில் எப்படி இருக்கும் என்று இந்த இரண்டு கூட்டத்துக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் சுரங்கத்துக்குள் படம் எடுப்பது லேசான காரியம் இல்லை. கேம்போர்னைச் சேர்ந்த ஜான் சார்லஸ் பர்ரோ 1890-களின் தொடக்கத்தில் டோல்கோத், ஈஸ்ட் பூல் சுரங்கங்களுக்குள் கேமராவோடு இறங்கினார். மக்னீசியத்தை எரித்துத்தான் வெளிச்சம். தொப்பியில் களிமண் உருண்டை வைத்து அதில் மெழுகுவர்த்தி செருகிய ஆட்கள் அசையாமல் நிற்க வேண்டும். டோல்கோத்தில் 412 பாகம், அதாவது 2,400 அடிக்கும் கீழே, கூரையைத் தாங்கி நின்ற பெரிய மரக்கட்டுகளை அவர் படம் எடுத்தார். 1893 செப்டம்பரில் அதே மட்டத்தில் கட்டுகள் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவருடைய படங்களுக்குப் பேரும் பாதுகாப்பும் கிடைத்தன. நாம் காப்பாற்ற நினைக்கும் தட்டுகளை எடுத்தவருக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

இப்போது கணக்கு. வீட்டுக்காரக் குடும்பம் கேட்கும் விலை 6,000 பவுண்டு. ஒரு தட்டைத் துடைத்து ஸ்கேன் செய்ய 9 பவுண்டு, 1,400 தட்டுக்கு 12,600. அமிலமில்லாத காகித உறைக்கும் பெட்டிக்கும் 1,900. மொத்தம் 20,500. இதுவரை வந்தது 13,250. மாடியில் ஈரம் இறங்கிச் சில தட்டுகளில் படப்பூச்சு ஓரத்தில் உரியத் தொடங்கிவிட்டது. இன்னொரு மழைக்காலத்தை அவை தாங்காது.

கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் பிறந்து இப்போது லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கும் ஓர் அக்கா, மகளின் கல்யாணத்துக்கு வந்த மொய்யில் ஒரு பங்கை எடுத்து அனுப்பினார். அவர் குடும்பம் நூறாண்டு வாழ வேண்டும். சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்டில் அப்பாவை இழந்த அண்ணன் ஒருவர் மாதாமாதம் 20 பவுண்டு தவறாமல் அனுப்புகிறார். கேம்போர்ன் சேப்பல் அம்மாக்கள் பேஸ்டி (கார்ன்வாலின் மடித்துச் சுட்ட பண்டம்) சுட்டு விற்று 640 பவுண்டு கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். வேலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அனுப்பிய 500 ரூபாயையும் அதே மரியாதையோடு எழுதிக்கொண்டோம். உங்கள் எல்லாருடைய பெயரும் ஸ்கேன் தொகுப்பின் முதல் பக்கத்தில் இருக்கும்.

மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1762 முதல் 1789 வரை 18 முறை பிரசங்கம் செய்த குவெனாப் பள்ளத்தில் ஜெபம் செய்துதான் எங்கள் கார்னிஷ் பெரியவர்கள் இந்த வேலையைத் தொடங்கினார்கள். தங்கவயல் பாட்டிகள் மாரியம்மனை வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்கள். தெய்வங்கள் கைவிடாது என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனால் பணத்தை மனிதர்கள்தான் அனுப்ப வேண்டும். பொங்கல் கூட்டத்தில் எழுந்து நின்று தொகை சொன்னவர்களில் பலர் இன்னும் அனுப்பவில்லை. அந்தப் பட்டியல் எங்களிடம் இருக்கிறது, படிக்க விரும்பவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறோம்: சுரங்க உடையில் உங்கள் தாத்தா நிற்கும் படம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? பெரும்பாலோர் வீட்டில் இல்லை. அந்த வலி தெரிந்த நாமே இன்னொரு சுரங்க ஊரின் படங்கள் சிதறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

ரெட்ரூத்தில் பழைய மதுவடிப்பாலைக் கட்டடத்தில் 2019-இல் திறந்த கிரெசன் கெர்னோ ஆவணக் காப்பகம் போன்ற ஓர் இடத்தில், யாரும் வந்து பார்க்கும்படி இவற்றைப் பொதுச்சொத்தாகச் சேர்க்க வேண்டும் என்பதே எங்கள் எண்ணம்.

9 பவுண்டு கொடுத்தால் ஒரு தட்டு உங்கள் பெயரில். முடிந்தவர்கள் பத்துத் தட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாதவர்கள் இரண்டு வீடு சேர்ந்து ஒன்று எடுங்கள். இந்தத் தாளைக் கொண்டுவந்த குழு உறுப்பினரிடமே பணத்தைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தேதிக்குள் முழுத் தொகையும் சேர்ந்து தட்டுகள் நம் கைக்கு வராவிட்டால், செப்டம்பர் முதல் வாரத்தில் அவரவர் பணம் முழுதாகத் திரும்பிவரும்.

இப்படிக்கு,
படப் பாதுகாப்புக் குழுவினர்