ஹான்லே இரலைகளுக்கு மேய்ச்சல் நிலம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

லடாக் என்றால் பனிச்சிறுத்தையைப் பற்றித்தான் எழுதுகிறோம். அதே மண்ணில் ‘கோவா’ எனப்படும் திபெத்திய இரலை (Tibetan gazelle) என்ற மான் போன்ற சிறு விலங்கு அழிந்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் அது எஞ்சியிருப்பது லடாக்கின் ஹான்லே பகுதியிலும் வடசிக்கிம் பீடபூமியிலும்தான். லடாக்கில் நூறுகூட இல்லை என்பதே கள ஆய்வாளர்களின் மதிப்பீடு.

தோளுயரம் சுமார் 60 செ.மீ., எடை 15 கிலோ. இவ்வளவு சிறிய உடலுக்குச் சத்தான தீனி வேண்டும். அதனால் கூரிய வாயால் புல்லை ஒதுக்கிவிட்டு, தரையோடு ஒட்டிய பூண்டுகளையும் பயறின இலைகளையும் பொறுக்கித் தின்கிறது. பஷ்மினா ஆடுகளும் அதையேதான் கடிக்கின்றன. கோடையில் மந்தை மொட்டையடித்த நிலத்தில் குளிர்காலத்துக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. குளிரைத் தாங்க இந்த இரலைக்கு உள்ளாடைபோல் அடர்ந்த அடிமயிரும் கிடையாது!

ஜூலை, ஆகஸ்டில் ஒரே ஒரு குட்டி. முதல் சில நாள்கள் அது தரையில் பதுங்கியே கிடக்கும். மோப்பம் பிடித்து வரும் தெருநாய் அதைக் கொன்றுவிட அது போதும். முகாம்களின் உணவுக் கழிவை மூடிய தொட்டியில் வைக்காதவரை, நாய்களுக்குக் கருத்தடை செய்தும் பயனில்லை. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

வேட்டைத் தடை மட்டும் போதாது. மேய்ப்பர்களோடு பேசி, ஒரு தொடர்ச்சியான பீடபூமியை ஆண்டு முழுவதும் மந்தையின்றி விட வேண்டும். இழக்கும் தீவனத்துக்கு ஈடாகக் குளிர்காலத்துக்கு முன்பே அவர்களுக்கு வைக்கோல் போய்ச் சேர வேண்டும். வைக்கோல் தாமதமானால் அடுத்த ஆண்டு ஒப்பந்தமே இருக்காது.

இப்படிக்கு,
காட்டுயிர் ஆர்வலர்