அந்தக் கேசட்டைப் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள்

குமரி மாவட்டத்தில் மச்சிலும் கட்டிலுக்கு அடியிலும் பழைய வீடியோ கேசட் போட்டு வைத்திருக்கும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். தக்கலைப் பக்கம் நாங்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் டிவி தொடரில்தான் போய் நிற்கும். நீல நிறப் போலீஸ் பெட்டிக்குள் ஏறிக் காலத்தைத் தாண்டும் ஒரு கிழவனார், 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் கிளம்பிய கதை. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். இதைச் சொல்வதில் எங்களுக்கு ஒரு அற்பப் பெருமை உண்டு.

அந்தத் தொடரின் 60களின் அத்தியாயங்களில் 90க்கும் மேற்பட்டவை இன்று இல்லை. படம்பிடித்த நாடாவுக்கு அன்று விலை அதிகம். ஒளிபரப்பி முடிந்ததும் அழித்துவிட்டு அதன்மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். வெளிநாடுகளுக்கு விற்ற பிலிம் பிரதிகளும் பெரும்பாலும் குப்பைக்குப் போயின. ஆனால் தொலைந்த ஒவ்வொரு அத்தியாயத்தின் ஒலியும் இருக்கிறது. டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த வீட்டுப் பிள்ளைகளின் வேலை அது. படமும் இங்கொன்று அங்கொன்றாகக் கிடைத்தது. 1983இல் லண்டனில் ஒரு தேவாலயத்து நிலவறையில் இரண்டு. 2013இல் நைஜீரியாவிலிருந்து ஒன்பது.

நம்மூர் மச்சில் அதெல்லாம் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. இங்கே இருப்பது வேறு. துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் வந்தவர்கள் விசிஆரும் கேசட்டுமாக இறங்கிய மாவட்டம் இது. ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் பக்கம் திருப்பி, 80களின் ஞாயிறு காலையில் தூர்தர்ஷனில் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடரைப் பார்த்தவர்கள் நாம். அதை யாராவது பதிந்திருந்தால், தொடரைவிட இடையில் வரும் விளம்பரமும் அறிவிப்பாளரின் முகமும் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையும்தான் எங்களுக்குப் பெரிது. ஸ்டார் ட்ரெக்கை எங்கேயும் வாங்கலாம். அந்த அட்டையை எங்கே வாங்குவது?

குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தபோது ஒரு சாக்குக் கேசட்டை ஆக்கர் கடைக்கு நானேதான் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோனேன். எடைபோட்டுக் கொடுத்த காசு புரோட்டாவுக்குக்கூடப் பத்தவில்லை.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்கிற ஊர் நம்முடையது, கேசட்டில் பூஞ்சை பிடிக்காமல் இருக்காது. கேசட்டில் இருக்கிற சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகத் தெரியும். அப்படி இருந்தால் தயவுசெய்து விசிஆரில் போட்டுவிடாதீர்கள். நாடாவும் அறுந்துபோகும், நாடாவைப் படிக்கிற ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் ஒட்டும். ஈரமில்லாத இடத்தில் புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். ஓடுகிற விசிஆர் ஒன்று எங்களிடம் இருக்கிறது. சுத்தம் செய்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, கேசட்டையும் பிரதியையும் வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறோம். காசு வேண்டாம், ஒரு சாயா போதும்.

இன்னொன்று. 'கல்யாணம்' என்று எழுதியிருந்தாலும் ஒதுக்கிவிடாதீர்கள். மூன்று மணி நேரக் கேசட்டில் கல்யாணம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்கள் அத்தை கல்யாணக் கேசட்டில் தாலி கட்டி, பந்தி முடிந்து, மாப்பிள்ளை காரில் ஏறியதும் திரை கொஞ்ச நேரம் புள்ளி புள்ளியாக ஓடும். அதற்கப்புறம் ஸ்டார் ட்ரெக் ஸ்பாக்கின் கூர்க்காது.

அன்புடன்,
தக்கலையிலிருந்து ஒரு ரசிகன்