நான்கு பைட் இடம் கேட்டு ஒரு திறந்த மடல்

பெறுநர்: எங்கள் கிளைகளுக்கு எம்பிஎல்எஸ் (தரவுக்கு வழிகாட்டும் லேபிள் ஒட்டி அனுப்பும் முறை) இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் வலையமைப்பு இயக்க மையத் தலைவர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பின்னணியை உங்களுக்கு நான் புதிதாக விளக்க வேண்டியதில்லை. உங்கள் கோர் (மைய) வலையமைப்பில் இரவுப் பராமரிப்புப் பணி நடந்ததற்கு மறுநாள் காலையிலிருந்து எங்கள் வங்கியின் தென் மாவட்டக் கிளைகள் படும் பாடு உங்கள் டிக்கெட் (புகார்) பதிவேட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு டிக்கெட்டும் ஒரே வாசகத்தோடு மூடப்பட்டிருப்பதும் அங்கேயே இருக்கிறது: "பிங் சரியாக உள்ளது. இணைப்பு இயங்குகிறது. வாடிக்கையாளர் தங்கள் தரப்பில் சரிபார்க்கவும்." பிங் என்பது எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்க அனுப்பும் சோதனைச் செய்தி. கடைசியாக நாங்கள் காலையில் திறந்த டிக்கெட்டை உங்கள் ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மூடிவிட்டார்கள். தனியாக எழுதிப் பயனில்லை என்று ஆன பிறகே ஊரறிய எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். எங்கள் சென்னை டேட்டா சென்டரிலிருந்து புறப்படும் 1500 பைட் பாக்கெட் (ஒரே தடவையாகப் போகும் தரவுப் பொட்டலம்), வழியில் துண்டாடக் கூடாது என்ற குறியோடு, கிளைக்கு முழுதாக வந்து சேர வேண்டும். அதைச் சோதித்துப் பார்த்த பிறகே டிக்கெட்டை மூட வேண்டும்.

உங்கள் திரையில் எங்கள் கிளை பச்சை நிறத்தில் தெரியும் அதே நேரத்தில் கிளைக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். மாதத்தின் முதல் வாரம். ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் ஒருவர் பணம் எடுக்கும் படிவத்தை நீட்டுகிறார். ஊழியர் கணக்கு எண்ணைத் தட்டுகிறார். பெயர் வருகிறது, இருப்புத் தொகை வருகிறது, ஓய்வூதியம் வரவான தேதியும் வருகிறது. அடுத்ததாகக் கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும். மாதிரிக் கையெழுத்துப் படத்துக்கான கட்டம் திரையில் திறக்கிறது, படம் வருவதில்லை. பெயரும் இருப்பும் சில நூறு பைட்டில் அடங்கிவிடுகின்றன. படம் அப்படியல்ல, அது முழு அளவு பாக்கெட்டுகளாகத்தான் வரும். அவை உங்கள் வலையமைப்புக்குள் எங்கோ விழுந்து காணாமல் போகின்றன. சர்வர் திரும்பத் திரும்ப அனுப்புகிறது, அவையும் விழுகின்றன, கடைசியில் கோர் பேங்கிங் மென்பொருள் காத்திருந்து களைத்துப் பிழைச் செய்தி காட்டுகிறது.

கணக்கில் பணம் இருக்கிறது என்று ஊழியரே சொல்கிறார், ஆனால் கொடுக்க மறுக்கிறார். பெரியவருக்கு இது எப்படிப் புரியும்? கிளை மேலாளர் எழுந்துபோய் இரும்பு அலமாரியைத் திறந்து, கணினிமயமாவதற்கு முன்பு வாங்கி வைத்த மாதிரிக் கையெழுத்து அட்டைகளைத் துழாவுகிறார். பழைய வாடிக்கையாளர் என்றால் அட்டை கிடைக்கும், பணமும் கிடைக்கும். பிற்பாடு கணக்குத் தொடங்கியவர்களுக்கு அட்டையே கிடையாது. அவர்கள் அடுத்த பஸ் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். திட்டு வாங்குவது கவுன்டரில் இருக்கும் பெண். உங்கள் எஸ்எல்ஏ (சேவைத் தர உறுதி) அறிக்கையில் அன்றைய தினம் ஒரு நிமிடம்கூடப் பழுதில்லை.

இப்போது நாங்கள் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். இதையும் நான்கு டிக்கெட்டுகளில் எழுதியாயிற்று. டேட்டா சென்டரிலிருந்து துண்டாடக் கூடாது என்ற குறியோடு பாக்கெட்டின் அளவை ஒவ்வொரு பைட்டாக ஏற்றி அனுப்பினோம். 1496 வரை போகிறது. 1497 போவதில்லை. பாதிக்கப்பட்ட எல்லாக் கிளைகளிலும் அதே எண்தான். கிளையில் ஒரு மடிக்கணினியை வைத்து வந்த பாக்கெட்டுகளைப் பதிவு செய்தோம்; 1497 பைட் பாக்கெட் அங்கே வந்து சேரவே இல்லை. திரும்பும் வழியில் தொலைகிறது என்று சொல்லவும் இடமில்லை.

1500க்கு நான்கு குறைவு. ஓர் எம்பிஎல்எஸ் லேபிளின் அளவு எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? லேபிளுக்கு 20 பிட், டிராஃபிக் வகைக்கு 3, அடுக்கின் அடியைக் காட்ட 1, பாக்கெட் முடிவின்றிச் சுற்றாமல் தடுக்கும் டிடிஎல் எண்ணிக்கைக்கு 8. மொத்தம் 32 பிட், அதாவது நான்கு பைட். எங்கள் விபிஎன் (உங்கள் வலையமைப்புக்குள் எங்களுக்கென்று பிரித்த தனி வலையமைப்பு) பாக்கெட் ஒவ்வொன்றும் உங்கள் கோருக்குள் இரண்டு லேபிள்களோடு போகிறது: எதிர்முனைப் பிஇ ரூட்டருக்கு (உங்கள் வலையமைப்பின் விளிம்பில் இருப்பது) வழிகாட்ட ஒன்று, அங்கே எங்கள் விஆர்எஃப்பை (எங்களுக்கென்று தனியாக உள்ள வழிப் பட்டியலை) அடையாளம் காட்ட இன்னொன்று. 1500 பைட் பாக்கெட் 1508 ஆகிறது. அதற்குப் போதுமான இடம் விட்டுத்தான் உங்கள் இணைப்புகளை அமைத்திருப்பீர்கள். இல்லாவிட்டால் இத்தனை காலம் ஓடியிருக்காது. அன்றிரவு டிராஃபிக் இன்ஜினியரிங் டனல் (பாக்கெட்டுகளைக் குறிப்பிட்ட பாதையில் திருப்பிவிடும் ஏற்பாடு) எதையாவது இயக்கியிருந்தால் மூன்றாவது லேபிள் ஏறும், 1512 ஆகும். 1508க்கு மேல் இடமில்லாத ஓர் இணைப்பு வழியில் இருந்தாலே போதும், நாங்கள் பார்ப்பதெல்லாம் பைட் பிசகாமல் பொருந்துகிறது. இது என் ஊகம்தான். உங்கள் கோருக்குள் எட்டிப் பார்க்க எனக்கு வழியில்லை. டிரேஸ்ரூட் போட்டால் உள்ளே இருக்கும் ரூட்டர்கள் எதுவும் தெரியாதபடி அமைத்திருக்கிறீர்கள். அது உங்கள் உரிமை, பல வழங்குநர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பதை மறைத்துவிட்டு, கோளாறு இருக்கும் இடத்தை வாடிக்கையாளரே காட்ட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

உங்கள் பொறியாளர்கள் அனுப்பும் பிங் 100 பைட். உங்கள் ரூட்டரில் அளவைக் குறிப்பிடாமல் பிங் என்று மட்டும் தட்டினால் போவது அதுதான். 100 பைட் என்ன, 1000 பைட்டும் போகும் ஐயா, நாங்கள் மறுக்கவில்லையே. ரயில்வே கீழ்ப்பாலத்தில் சைக்கிள் நுழைந்து வெளியே வந்ததைக் காட்டி, லாரி முட்டி நிற்கிறது என்பவனிடம் பாலம் திறந்துதான் இருக்கிறது என்று பதில் எழுதுகிறீர்கள்.

பாக்கெட் பெரிதாக இருந்தால் ஐசிஎம்பி செய்தி (அனுப்பியவருக்குத் திரும்பும் பிழை அறிவிப்பு) வருமே, சர்வர் தானாகவே அளவைக் குறைத்துக்கொள்ளுமே என்று உங்கள் இரண்டாம் நிலைப் பொறியாளர் தொலைபேசியில் சொன்னார். 1990இல் வெளியான ஆர்எஃப்சி 1191 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தின்படி அப்படித்தான் நடக்க வேண்டும். எங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. கோரின் நடுவில் உள்ள ரூட்டருக்கு எங்கள் முகவரிகள் தெரியாது, ஆகவே அது எழுதும் ஐசிஎம்பி செய்தி அதே லேபிள் பாதையில் எதிர்முனை வரை போய்விட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. நடுவில் நீங்கள் வாடகைக்கு எடுத்த ஈதர்நெட் இணைப்பு ஒன்று இருந்து, அதன் சுவிட்சுதான் பெரிய ஃபிரேம்களை (பாக்கெட்டைச் சுமக்கும் உறைகளை) கைவிடுகிறது என்றால் அந்தச் செய்தியும் பிறக்காது. சுவிட்சு யாருக்கும் சொல்லிக்கொண்டு கைவிடுவதில்லை. இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. லேபிள் அடுக்கை வரையறுத்த ஆர்எஃப்சி 3032, 2001ஆம் ஆண்டிலேயே பாக்கெட் அளவுக்கும் துண்டாடலுக்கும் என்று தனிப் பகுதி ஒன்றை ஒதுக்கியிருக்கிறது.

அடுத்ததாக வந்த ஆலோசனை எங்கள் கிளை ரூட்டர்களில் டிசிபி எம்எஸ்எஸ் அளவை, அதாவது டிசிபி நெறிமுறை ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவை, 1360 ஆகக் குறைக்கும்படி. அந்த ரூட்டர்கள் உங்களுடையவை. நிர்வகிக்கப்படும் சேவை என்று அதற்குத் தனியாக மாதக் கட்டணம் வாங்குகிறீர்கள். கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறது, எங்களிடம் இல்லை; கேட்டபோது பாதுகாப்புக் கொள்கை அனுமதிக்காது என்றீர்கள். நுழைய முடியாத ரூட்டரில் எதைக் குறைப்பது? நீங்களே குறைத்துக் கொடுத்தாலும் அது டிசிபிக்கு மட்டுமே மருந்து. டேட்டா சென்டருக்கும் கிளைக்கும் இடையே நாங்கள் போடும் ஐபிசெக் குறியாக்கத்தின் வெளிப்புறப் பாக்கெட்டுகளை அது தொடாது. தற்காலிகமாகச் செய்யுங்கள், நன்றி சொல்கிறேன். அதையே தீர்வு என்று எழுதி டிக்கெட்டை மூடாதீர்கள்.

எழுதத் தொடங்கிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு டேட்டா சென்டரில் உள்ள எங்கள் சொந்த ரூட்டரில், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு நிறுவனத்தின் முகவரிகள் பிஜிபி (ரூட்டர்கள் வழித் தகவல் பரிமாறும் நெறிமுறை) வழியாக வந்து உட்கார்ந்தன. யாரோ ஒருவர் எங்கள் விஆர்எஃப்பில் ரூட் டார்கெட்டை (எந்த வழி எந்த வாடிக்கையாளருக்கு என்று காட்டும் குறியை) தப்பாக இம்போர்ட் செய்திருக்கிறார். அவர்களுடைய முகவரிகள் எங்களுக்குத் தெரிந்தன. எங்களுடையவை யாருக்குத் தெரிந்தனவோ! விபிஎன்னில் குறியாக்கம் கிடையாது, பிரிவினை ஒன்றுதான் காவல், அதுவும் நீங்கள் தட்டும் ஒரு வரியில் இருக்கிறது. நாங்கள் ஐபிசெக்குக்குச் செலவழிக்க வேண்டிவந்தது அதற்குப் பிறகுதான். இரண்டு தனித்தனி வழிகள் என்று சொல்லி விற்ற இணைப்புகள் ஒரே குழிக்குள் ஓடுவதை, சாலையை அகலப்படுத்த வந்த ஜேசிபி எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது உங்கள் விற்பனைப் பிரிவு காட்டிய வரைபடத்தில் இரண்டு கோடுகளும் இரண்டு நிறத்தில் மிக அழகாக இருந்தன.

சரி, அதெல்லாம் வேறு மடலுக்கு உரியவை. கோபத்தில் வழி தவறிவிட்டேன், மன்னிக்கவும்.

எம்டியூவில், அதாவது ஓர் இணைப்பு ஒரே தடவையில் ஏற்கும் பாக்கெட்டின் உச்ச அளவில், கை வைக்க உங்கள் பொறியாளர்கள் தயங்குவது எனக்குப் புரியாமல் இல்லை. ஐபி எம்டியூவை ஒரு முனையில் மாற்றி மறுமுனையில் மறந்தால் ரூட்டர்கள் வழித் தகவல் பரிமாறும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறை எக்ஸ்ஸ்டார்ட் என்ற தொடக்க நிலையிலேயே நின்றுவிடும், அந்தப் பாதையே விழும். எனவே பகலில் செய்யச் சொல்லவில்லை. இன்டர்ஃபேஸ் எம்டியூ இடம் கொடுக்கும் இணைப்புகளில், ஐபி எம்டியூவைத் தொடாமல் எம்பிஎல்எஸ் எம்டியூவை மட்டும் உயர்த்தும் வசதி பெரும்பாலான ரூட்டர்களில் இருக்கிறது. இடம் கொடுக்காத இணைப்புகளில் இரு முனையையும் சேர்த்தே மாற்றுங்கள், நடுவில் இருக்கும் சுவிட்சையும் மறக்காமல் பாருங்கள். கோர் முழுவதும் 9000 பைட்டுக்கு மேல் வைத்துவிட்டு, எத்தனை லேபிள் ஏறினாலும் கவலையில்லாமல் இருக்கும் வழங்குநர்களும் உண்டு. எப்படிச் செய்வது என்பது உங்கள் விருப்பம். 1500 பைட் பாக்கெட் முழுதாக வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே, அடுத்த மாத ஓய்வூதிய வாரத்துக்கு முன்பு ஓர் இரவுப் பராமரிப்பு நேரத்தை ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தரப்பில் டேட்டா சென்டரிலும் ஒரு கிளையிலும் சோதனைக் கணினிகளை இயங்கும் நிலையில் வைத்திருக்கிறோம். எந்த நேரம் என்றாலும் நான் தொலைபேசியில் இருப்பேன். உங்கள் ஆட்கள் ரூட்டரிலிருந்து சோதித்தால் அளவை 1500 என்று கொடுக்கட்டும். விண்டோஸ் கணினியிலிருந்து என்றால் 1472 என்று கொடுக்க வேண்டும், தலைப்புகளின் 28 பைட் சேர்ந்து 1500 ஆகிவிடும். இரண்டிலும் துண்டாடக் கூடாது என்ற குறியை மறக்க வேண்டாம். டிக்கெட்டை மூடும் பதிலில் அந்த அளவும் அந்தக் குறியும் தெரியும்படி சோதனையின் வெளியீட்டை அப்படியே இணைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளரான ஒரு வங்கியின் வலையமைப்புப் பொறியாளர்