சிவப்பும் பச்சையும்

தூத்தூர்,
ஜூலை 9

அன்புள்ள மக்களே,

இயேசுவுக்கே புகழ். இங்கே எல்லாரும் சுகம். அம்மைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆடி பிறக்கும் முன்னேயே கடல் ரோட்டைத் தாண்டி உள்ளே வருகிறது, கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட இடம் மட்டும்தான் தப்பித்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் மூன்று வாரம். நம்ம மீன்பிடி போட்டு தேங்காய்ப்பட்டணத்தில் கரையேறிக் கிடக்கிறது, பெயின்ட் அடிக்கிறார்கள்.

நீ போன் எடுத்து 19 நாள் ஆகிறது. மருமகளிடம் கேட்டால் "தூங்குறாங்க மாமா" என்கிறாள். மத்தியானம் கேட்டாலும் தூக்கம், ராத்திரி கேட்டாலும் தூக்கம். அவளைக் குறை சொல்லவில்லை, நீ சொல்லச் சொன்னதை அவள் சொல்கிறாள். முட்டு வலி எப்படி இருக்கிறது? ஐஸ் வைக்கிறாயா? ஊருக்கு வந்தால் ஆசானிடம் காட்டி ஏழு நாள் எண்ணெய் போட்டு உழியலாம். உன் 22 வயசில் கணுக்கால் பிசகினபோது அவர்தானே நேராக்கினார்? அதற்கப்புறம் நீ எத்தனை வருஷம் புட்பால் ஆடினாய்!

வாட்சப்பில் பேசி அனுப்புங்கள் என்று உன் அக்கா சொன்னாள். பேச ஆரம்பித்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதனால்தான் பேப்பரும் பேனாவும். கடிதம் எழுதலாம் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு படம். சிரிக்காதே. உன் மருமகன் லீவு நாளெல்லாம் டிவியில் போட்டுப் பார்க்கிற கார் பொம்மைப் படம்தான், அந்தச் சிவப்பு 95-ஆம் நம்பர் கார். 'கார்ஸ்' என்று பேர், மூன்றாவது பாகம், 2017-ல் வந்ததாம். நமக்கு அந்த வருஷம் என்றால் ஓக்கி புயல் மட்டும்தான் ஞாபகம். பேச்செல்லாம் இங்கிலீஷ். அவன் என் மடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் புரியவைத்தான். மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

அந்தச் சிவப்புக் கார் எத்தனையோ கோப்பை வாங்கினவன். மெக்வீன் என்று பேர். ஸ்டார்ம் என்று கறுப்பாக ஒரு புதுக் கார் வருகிறான். ரோட்டிலே ஓடிப் பழகினவன் இல்லை, மெஷினில் பழகினவன். வந்த நாளிலிருந்து அவன்தான் முன்னால். கூட ஓடின பழைய கார்கள் ஒவ்வொன்றாக விலகிப் போகிறார்கள், சிலரை முதலாளிகளே மாற்றிவிடுகிறார்கள். இவன் விடமாட்டேன் என்று மூச்சைப் பிடித்து ஓடுகிறான், அந்த வருஷத்துக் கடைசி ரேசில் டயர் வெடித்து உருண்டு போகிறான். அப்புறம் நாலு மாசம் வெளியே வராமல் ஷெட்டுக்குள்ளேயே கிடக்கிறான். இருட்டில், பழைய ரேஸ்களைப் பார்த்துக்கொண்டு.

அந்த இடம் வந்ததும் உன் மருமகன் என் தாடியைப் பிடித்துத் திருப்பிக் கேட்டான்: "பாட்டா, இது மாமாதானே?"

ஏழு வயசுப் பிள்ளை. அவனுக்கு யார் சொன்னார்கள்? வீட்டில் நானும் அம்மையும் ராத்திரி குசுகுசுவென்று பேசுவதைக் கேட்டிருப்பான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. டிவியைப் பார் என்றேன்.

வயசாகிவிட்டது, நிறுத்து என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை மக்களே. அப்படி நினைத்துக் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. அந்தச் சிவப்புக் காருக்குக் கற்றுக்கொடுத்த ஒரு நீலக் கார் உண்டு, டாக் என்று கூப்பிடுவார்கள். அதற்குக் குரல் கொடுத்தவர் பால் நியூமன் என்று மாப்பிள்ளை சொன்னார். 2008-லேயே இறந்துவிட்டாராம். முதல் படத்துக்குப் பேசி வைத்ததில் மிச்சம் கிடந்ததை எடுத்து இதில் சேர்த்திருக்கிறார்கள். அவர் நிஜத்திலும் ரேஸ் ஓட்டினவர். 70 வயசில் டேடோனா 24 மணி நேர ரேசில் ஓட்டி, அவர் இருந்த அணி தன் பிரிவில் ஜெயித்திருக்கிறது. உனக்கு 34. முட்டு சரியானால் இன்னும் ரெண்டு வருஷம் நீ ஆடலாம், யார் இல்லை என்றது? தூத்தூர் கடற்கரையில் பந்து உருட்டாத பையன் கிடையாது, ஆனாலும் உன் இடது கால் மாதிரி ஒரு காலை நான் இதுவரை பார்க்கவில்லை. உன் போட்டோ வந்த பேப்பரெல்லாம் நம்ம போட்டின் லைசென்ஸ் வைத்திருக்கிற தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. போன மாசம் உப்புக்காற்றுக்கு ஓரம் பொடிகிறதென்று பிளாஸ்டிக் கவர் வாங்கிப் போட்டேன்.

அந்த நீலக் கார் படத்தில் இறந்து போனவர். அவருடைய பழைய ஆசானைத் தேடி இவன் போகிறான். அந்த ஆசான் ஒரு சுவரைக் காட்டுகிறார். சுவரெல்லாம் கடிதம். டாக் எழுதினது. எதிலும் தான் வாங்கின கோப்பையைப் பற்றிப் பேச்சில்லை. எல்லாக் கடிதத்திலும் இந்தப் பையன்தான். இவனுக்குக் கற்றுக்கொடுத்ததுதான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷமாம். நான் கண்ணைத் துடைத்ததை உன் மருமகன் பார்த்துவிட்டான்.

போன ஞாயிறு பூசை முடிந்து மைதானத்துப் பக்கம் நின்றபோது ஒருவர் சொன்னார். உங்கள் ஆபீஸ் டீமில் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்க உன்னைக் கேட்டார்களாம், நீ ஒரு வார்த்தை பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாயாம். உண்மையா என்று நான் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடாதே. போனை எடு.

படத்தின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். இவனுக்குப் பயிற்சி கொடுக்க வந்த குரூஸ் என்ற மஞ்சள் கார், உள்ளுக்குள் தானே ரேஸ் ஓட ஆசைப்பட்டவள். ஒரு தடவை பந்தயத்துக்குப் போய், மற்றவர்களைப் பார்த்து மிரண்டு திரும்பிவிட்டவள். அவளைக் கடற்கரை மணலில் ஓடப் பழக்கும்போது சக்கரம் புதைந்து சுற்றுகிறது, இவனுக்குக் கோபம் வருகிறது. கடைசி ரேசில் பாதி ஓடினவன், நீ ரேஸ்காரி இல்லை என்று முதலாளி அவளை விரட்டுவதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்து நின்றுவிடுகிறான். மிச்சத்தை நீ ஓடு என்கிறான். தன் 95-ஐ அவள் மேல் எழுதி அனுப்புகிறான். அவள் ஜெயிக்கிறாள். ஆரம்பித்தவன் இவன் என்பதால் ஜெயிப்பு ரெண்டு பேருக்கும்.

என்னால் அதைச் செய்ய முடியவில்லை மக்களே. அம்மையிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

ஓக்கிக்கு அடுத்த வருஷம். தடை முடிந்து கொச்சியிலிருந்து போன முதல் கடல். எனக்குக் கண்ணில் புரை விழுந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சுக்கானை வாங்கிவிடுவார்கள். ராத்திரி ரெண்டு மணி, கப்பல் போகிற பாதை. வெளிச்சம் ஒன்று வெள்ளையாக, பஞ்சு மாதிரிக் கலங்கித் தெரிந்தது. தூரத்தில் போகிற கப்பல் என்று நினைத்தேன். உன் சித்தப்பா மகன் சாயா கொண்டுவந்தவன், கிளாசைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து சுக்கானைப் பிடித்து வளைத்தான். கப்பலின் பக்கம் சுவர் மாதிரி எங்களைத் தாண்டிப் போனது. அதன் அலையில் போட்டு சாய்ந்து, ஐஸ் பெட்டி உருண்டது.

கப்பலின் ரெண்டு பக்கத்து விளக்கும், சிவப்பும் பச்சையும், ஒருசேரத் தெரிந்தால் கப்பல் நேரே நம்மைப் பார்த்து வருகிறது. அதை அவனுக்கு முதல் கடலில் சொல்லிக்கொடுத்தவனே நான். அவன் ரெண்டையும் பார்த்தான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் அவனை அடித்தேன். எல்லார் முன்னாலும், கன்னத்தில். போட்டு ஓட்டுகிற ஸ்ராங்கு நான் இருக்கும்போது சுக்கானைத் தொட நீ யார் என்றேன். அவனுக்கு அப்போது 23. சிதறின கிளாசைப் பொறுக்கிக்கொண்டு வெளியே போனான். கரைக்கு வந்து, கப்பல் வந்தது, நான்தான் வளைத்தேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். உன்னிடமும் போனில் அப்படித்தான் சொன்னேன், நீ "அப்பா கெட்டிக்காரர்" என்றாய். அவன் இன்றுவரை ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அதற்கப்புறமும் ரெண்டு கடல் நான்தான் ஓட்டினேன், 11 பேர் உயிரை வைத்துக்கொண்டு. பிறகு கண் ஆபரேஷன், டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொல்லி இறங்கினேன்.

இப்போது அவன்தான் நம்ம போட்டில் ஸ்ராங்கு. லட்சத்தீவைத் தாண்டிப் போய் வருகிறான். வந்ததும் நல்ல மீனாகப் பார்த்து ஒன்றை வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறான். நான் நன்றாக இருக்கிறாயா என்பேன், இருக்கிறேன் பெரியப்பா என்பான். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 1-ஆம் தேதி போட்டு இறங்கும். அதற்கு முன்னால் நான் அவன் வீட்டுக்குப் போகணும். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ வந்தால் நாம் ரெண்டு பேருமாகப் போகலாம், நீ பக்கத்தில் இருந்தால் எனக்குச் சொல்ல வரும். லீவு கிடைக்குமா பார். அப்படியே ஆசானையும் பார்த்துவிடலாம். அம்மை மரச்சீனியும் சாளையும் ஆக்கி வைப்பாள்.

கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. பேச வேண்டாம் என்றால் அடித்துவிட்டு வைத்துவிடு, நான் புரிந்துகொள்வேன்.

அன்புடன்,
அப்பா