கடகமும் சிற்பம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

1960களில் போலந்தின் மக்தலேனா அபகனோவிச், கழித்துவிட்ட கப்பற்கயிறுகளைப் பிரித்துச் சாயமிட்டு, ஆளுயரத்தை மிஞ்சும் உருவங்களை நெய்தார். உலகம் அதைச் சிற்பம் என்று ஏற்றது. நம் பெண்கள் பனையோலையால் இழைக்கும் கூடையான கடகம் இன்னும் வெறும் பன்னவேலைதான் (ஓலை முடையும் கைப்பணி).

பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைப் பாருங்கள்: ஆணியோ பசையோ இல்லாமல் தட்டையான ஓலை கூம்பாக எழுகிறது. சார்வோலை எனும் பனையோலையை உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலக் கீற்றுகளாக வார வேண்டும். பிசகினால் வாய் கோணும். அதிகம் காய்ந்த ஓலை மடிப்பில் வெடிக்கும். ஈரம் கூடினால் பின்னர் சுருங்கி இடைவெளி விழும், பூஞ்சணமும் பிடிக்கும். கடகத்துக்கோ இரட்டை ஓலை, விளிம்புக்கு மட்டை நார்.

திருகோணமலையில் இவற்றைக் காட்சிக்கு வைப்போர், விலைச்சீட்டில் இழைத்தவரின் பெயரையும் ஊரையும் கட்டாயம் எழுத வேண்டும்.

பன்னவேலைப் பயிற்றுநர்கள்,
திருகோணமலை.